ஏழு வருட ஒப்பந்தமும் ஒரு வருடப் பெயரும்

நமது நாட்டில் ஹொக்கி என்றதும் பலருக்கும் மாத்தளை ஞாபகத்துக்கு வரும். புல்தரையிலே வளைந்த தடியோடு ஓடி விளையாடும் ஆட்டம் அது. கனடாவில் அந்தப் பெயருக்குப் பொருள் வேறு. அங்கே ஹொக்கி என்றால் பனிக்கட்டித் தரை, அடியிலே கத்தி பூட்டிய சப்பாத்து, பந்துக்குப் பதிலாக இறப்பரினால் செய்த தட்டையான வட்டு. 2019 டிசம்பரில் டொரொண்டோவின் ஸ்காபரோ பகுதியில் எனது ராத்தாவின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். வெளியே காலடி வைக்க முடியாத குளிர். இஷாவுக்குப் பின்னர் மருமகனும் அவனுடைய கூட்டாளிகளும் கீழ் அறையில் கூடிவிடுவார்கள். ஒருவன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இன்னொருவன் பாகிஸ்தான்காரன். வேறு வேலை இல்லாததால் நானும் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து அவர்களுடைய வாதத்தைக் கேட்பேன்.

முதல் இரண்டு நாட்கள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் நாள்தான் ஒரு விடயம் பிடிபட்டது. இவர்கள் யார் எத்தனை கோல் போட்டார் என்று பேசுவது குறைவு. யாருக்கு எத்தனை வருடத்துக்கு எவ்வளவு எழுதிக் கொடுத்தார்கள், அது தகுமா, எந்த வருடத்து உரிமையை யாரிடம் விற்றார்கள், அதில் யார் ஏமாந்தார் என்றுதான் நடுச்சாமம் வரை கணக்குப் பார்க்கிறார்கள். புறக்கோட்டையில் அஸருக்குப் பிறகு தேநீர் குடித்துக்கொண்டு நாம் பேசுவதும் இதைத்தானே! அன்றிலிருந்து நானும் கேள்வி கேட்கத் தொடங்கினேன். ஊருக்குத் திரும்பிய பின்னும் வாசித்துக்கொண்டே இருக்கிறேன். இந்தப் பத்தியில் வழமையாக நமது கடைத்தெருக் கணக்குகளையே எழுதுபவன், இவ்வாரம் வாசகர்களைக் கொஞ்சம் பனிக்கட்டிப் பக்கம் கூட்டிப் போகிறேன்.

முதலில் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக் 1917இல் ஆரம்பமானது. இன்று அதில் 32 அணிகள் உள்ளன. 1963 முதல் ஒவ்வொரு வருடமும் இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தெரிவு செய்கின்றன. இப்போது அவர்களில் பெரும்பாலோர் 18 வயதுப் பிள்ளைகள். முந்திய பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முன்னிடம் கிடைக்கும். முதலிடத்துக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே தோற்கக் கூடாது என்பதற்காக 1995 முதல் மேலிடங்களுக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். இந்தத் தெரிவுரிமையை அணிகள் தங்களுக்குள் கைமாற்றலாம். அடுத்த வருடத்து உரிமையையும், அதற்கு அடுத்த வருடத்து உரிமையையும்கூட இன்றே கொடுத்துவிடலாம்.

அடுத்தது சம்பள உச்சவரம்பு. சம்பளப் பிணக்கினால் 2004-05 பருவத்தில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. 2005இல் உடன்பாடு வந்தபோது, ஓர் அணி தன் வீரர்களுக்கு ஒரு பருவத்தில் இவ்வளவுக்கு மேல் செலவிடக் கூடாது என்று வரம்பு போட்டார்கள். முதல் வருடம் அது 39 மில்லியன் டொலர். 2019-20இல் 81.5 மில்லியன். 2025-26 பருவத்துக்கு 95.5 மில்லியன். ஆகவே முதலாளி எத்தனை பெரிய செல்வந்தராக இருந்தாலும் ஒரு பிழையைப் பணத்தால் மூட முடியாது. நமது கடையின் இறாக்கையைப் போன்றது இது. கையிலே பணம் இருக்கலாம், ஆனால் ஓடாத சரக்கு இறாக்கையை அடைத்துக்கொண்டிருந்தால் ஓடுகிற சரக்கை எங்கே வைப்பது?

மூன்றாவது, எழுதினால் எழுதினதுதான். வீரர் காயப்பட்டுப் படுத்தாலும் சம்பளம் போகும். இடையில் விலக்குவதாயின், 26 வயதை எட்டியவருக்கு மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதமுள்ள வருடங்களைப் போல் இரு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவு தெரிந்தால் போதும். இனி அந்தக் கீழ் அறை வாதங்களுக்கு வருவோம்.

2000ஆம் ஆண்டின் தெரிவு கனடாவின் கல்கரி நகரத்தில் நடந்தது. முதல் உரிமை நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணியிடம் இருந்தது. அவர்கள் ரிக் டிபியெட்ரோ என்ற கோல் காப்பாளரை எடுத்தார்கள். அவர்களிடம் ஏற்கெனவே ரொபர்ட்டோ லுவாங்கோ என்ற இளம் காப்பாளர் இருந்தார். 1997இல் நான்காவதாகத் தெரிவு செய்யப்பட்டவர். புதியவருக்கு இடம் விட வேண்டுமே என்று அதே நாளில் லுவாங்கோவை ஃப்ளொரிடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தெரிவிலேயே, 204 பேர் எடுக்கப்பட்ட பிறகு, 205ஆவது ஆளாக ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் என்ற சுவீடன் நாட்டுக் காப்பாளரை நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணி எடுத்தது. லுவாங்கோ 2022இலும் லுண்ட்க்விஸ்ட் 2023இலும் ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். டிபியெட்ரோவின் கதைதான் வேறு விதமாகப் போனது.

பதினெட்டு வயதில் ஒருவனைப் பார்த்து இவன் முதலாவது, இவன் இருநூற்றைந்தாவது என்று வரிசை போடுவது எத்தனை கடினம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இத்தனைக்கும் ஒவ்வொரு அணியும் ஊர் ஊராக ஆள் அனுப்பி, வருடக் கணக்கில் பார்த்து, அளந்து, எழுதி வைத்துத்தான் தெரிவு செய்கிறது. ஆனாலும் இந்தப் பிழையை நான் பெரிதாகக் கருதவில்லை. இளம் பிள்ளைக்கு முதல் ஒப்பந்தத்தில் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு 1995 முதல் எல்லை உண்டு. தெரிவு பிழைத்தாலும் பணத்தில் விழும் அடி பொறுக்கக் கூடியது. புதுச் சரக்கில் ஒரு பெட்டி எடுத்துப் பார்ப்பது போல. ஐலண்டர்ஸ் செய்த பெரிய காரியம் ஆறு வருடம் கழித்து வந்தது.

2006 செப்டம்பரில், 25 வயதைத் தொடாத டிபியெட்ரோவுக்கு 15 வருடத்துக்கு 67.5 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்தார்கள். வருடத்துக்கு 4.5 மில்லியன்.

"பைத்தியக்காரன் எழுதின ஒப்பந்தம்" என்றான் பாகிஸ்தான் பையன். மருமகன் விடவில்லை. "இல்ல மாமா, நீங்க கணக்கப் பாருங்க. உச்சவரம்பு வருஷா வருஷம் ஏறுது. அவர் நல்லா இருந்திருந்தா, பத்து வருஷம் கழிச்சு நாலரை மில்லியனுக்கு அப்படி ஒரு கோல் காப்பாளர் கிடைக்கிறது மலிவு" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒப்பந்தம் எழுதிய பின் முதல் இரண்டு பருவங்களும் டிபியெட்ரோ நன்றாகவே ஆடினார். 2008இல் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஓல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தெரிவானார். பிறகு இடுப்பு, முழங்கால் என்று ஒன்றன் பின் ஒன்றாகக் காயம். அடுத்த ஐந்து பருவங்களிலும் சேர்த்து அவர் ஆடியது 50 ஆட்டங்கள் மட்டுமே. அப்போது ஒரு முழுப் பருவத்துக்கு மட்டும் 82 ஆட்டங்கள் இருந்தன.

2013இல் அவரை விலக்கினார்கள். மீதி 8 வருடம், 36 மில்லியன். அதில் மூன்றில் இரண்டு பங்கு 24 மில்லியன். அதனை 16 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு ஒன்றரை மில்லியன். இந்தக் கொடுப்பனவு 2029 வரை போகும். "அவருக்கு இன்னும் சல்லி போய்க்கொண்டே இருக்கு மாமா" என்று மருமகன் சொன்னபோது நான் நம்பாமல் காகிதம் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

இந்த வாதத்தில் இரு தரப்பும் விலையைப் பற்றியே பேசினார்கள். ஒருவன் கூட என்கிறான், மற்றவன் மலிவு என்கிறான். என் புத்திக்குப் பட்டது வேறு. நல்ல நாளில் இந்த ஒப்பந்தம் யாருக்கு இலாபம் என்று மருமகன் சரியாகச் சொன்னான். கெட்ட நாள் வந்தால் அது யாருடைய தலையில் விழும் என்று எவரும் கேட்கவில்லை. ஐலண்டர்ஸின் எஜமானும் 2006இல் அதனைக் கேட்டதாகத் தெரியவில்லை. 15 வருடத்துக் கெட்ட நாட்கள் அத்தனையையும் ஒரே கையெழுத்தில் தன் தலையிலே ஏற்றிக்கொண்டார்.

பூவில் விலை பேசுதல்

டொரொண்டோ ரசிகர்களின் தீராத வாதம் ஒன்று உண்டு. அந்த நகரத்து அணியான மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் வென்றது 1967இல். பொறுமை இழந்த ஊர் அது. 2009 செப்டம்பரில் பொஸ்டன் அணியிடமிருந்து ஃபில் கெஸல் என்ற 21 வயது வீரரை வாங்கினார்கள். முந்திய பருவத்தில் 36 கோல் அடித்தவர். விலையாகக் கொடுத்தது 2010இன் முதற்சுற்று உரிமை, இரண்டாம் சுற்று உரிமை, 2011இன் முதற்சுற்று உரிமை.

இந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரம் பாருங்கள். தோற்கும் அணிக்குத்தான் முன்னிடம் கிடைக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படியென்றால் டொரொண்டோ விற்ற பண்டத்தின் பெறுமதி, டொரொண்டோ அந்த வருடம் எவ்வளவு மோசமாகத் தோற்கும் என்பதில் தங்கியிருந்தது. சுமாராக ஆடினால் பதினைந்தாம் இடத்து உரிமை, கைமாற்றியதில் பெரிய நட்டம் இல்லை. ஆனால் அந்தப் பருவம் 30 அணிகளில் 29ஆவதாக வந்தார்கள். விற்ற உரிமை முழு லீக்கிலும் இரண்டாவது தெரிவாகிவிட்டது. பொஸ்டன் அதில் டைலர் செகினை எடுத்தது. அடுத்த வருடத்து உரிமை ஒன்பதாவது இடமாக அமைந்து, அதில் டகி ஹமில்டன் கிடைத்தார். 2011இல் பொஸ்டன் கிண்ணத்தை வென்றபோது 19 வயதுச் செகினும் அந்த அணியில் இருந்தார். கெஸல் பொஸ்டன் மைதானத்துக்கு வரும்போதெல்லாம் அவருக்கு நன்றி கூறிக் கோஷம் போட்டார்கள் அங்குள்ள ரசிகர்கள். டொரொண்டோக்காரர்களின் காதில் அது இன்னும் ஒலிக்கிறது போலும்.

மல்வானையில் றம்புட்டான் மரத்தைப் பூவிலும் பிஞ்சிலும் விலை பேசும் வழக்கத்தை வாசகர்கள் அறிவீர்கள். மழை பிழைத்தால், வௌவால் விழுந்தால் வாங்கியவன் பாடு. நன்றாகக் காய்த்துவிட்டால் விற்றவனுக்கு வயிற்றெரிச்சல். கனி பயன்பெறும் நிலை வெளிப்படுவதற்கு முன் அதனை விற்பதையும், பல வருடத்து விளைச்சலை முன்கூட்டியே விற்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது நாம் மத்ரஸாவிலேயே படித்தது. அதேவேளை, முன்பணம் கொடுத்துப் பொருளைப் பின்னர் பெறும் ஸலம் வியாபாரத்தை அனுமதித்தார்கள். அளவும் நிறையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். கனியின் சட்டத்தை ஹொக்கித் தெரிவுரிமைக்குப் பொருத்தலாமா என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அது உலமாக்களின் வேலை. நான் துணி வியாபாரி. இரு பக்கத்தாருக்கும் தெரியாத ஒன்றை விலை பேசினால் பின்னால் மனக்கசப்பு வந்தே தீரும் என்பதை மட்டும் என் அனுபவத்திலிருந்து சொல்வேன்.

மனக்கசப்புக்கும் முடிவில்லை. யாழ்ப்பாணத்துப் பையன் கெஸலின் பக்கம். "அங்கிள், அந்தாள் ஆறு பருவத்தில 181 கோல் அடிச்சவர். அவரில என்ன பிழை?" என்றான். உண்மைதான். செகினைப் பொஸ்டன் 2013இலேயே டலஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது, ஹமில்டனை 2015இல் கல்கரிக்குக் கொடுத்துவிட்டது. கெஸலோ 2015இல் டொரொண்டோவை விட்டுப் பிட்ஸ்பேர்க் போய் 2016, 2017 இரண்டு வருடமும் கிண்ணத்தைத் தூக்கினார். ஆகவே யார் ஏமாந்தார் என்பது எந்த வருடத்தில் கணக்கை மூடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நான் கேட்டால், வீரரை வாங்கியது பிழையல்ல என்பேன். சொந்த அணியின் பலவீனத்தைச் சரியாக நிறுத்துப் பாராமல், "நாம் அவ்வளவு மோசமில்லை" என்ற நினைப்பில் உரிமையை விற்றதுதான் பிழை. தன் கடையின் கையிருப்பை எண்ணாமல் அடுத்த வருடத்துக்குச் செக் எழுதுபவன் செய்வதும் இதைத்தான்.

ஒரு ஒப்பந்தத்தின் பயணம்

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான கதைக்கு வருகிறேன். இதனை அவர்கள் மூவரும் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டேவிட் கிளார்க்சன் டொரொண்டோவின் சொந்தப் பிள்ளை. எந்த அணியும் அவரைத் தெரிவில் எடுக்கவில்லை. உழைப்பால் நியூ ஜேர்சி அணிக்குள் நுழைந்தவர். முட்டி மோதி ஆடுபவர் என்று பெயர். அதற்கு முன் ஒரு பருவத்தில் அவர் ஆகக் கூடுதலாக அடித்தது 17 கோல். 2011-12இல் திடீரென்று 30 கோல் அடித்தார். கோவல்சுக், பரீசே, எலியாஸ் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் இருந்த, இறுதிப் போட்டி வரை போன அணி அது. அடுத்த பருவம் பிணக்கினால் 48 ஆட்டமாகக் குறைந்தது. அதில் 15 கோல்.

2013 ஜூலையில், அவருக்கு 29 வயதாக இருக்கும்போது, டொரொண்டோ அவரை 7 வருடத்துக்கு 36.75 மில்லியன் டொலருக்கு எடுத்தது. வருடத்துக்கு 5.25 மில்லியன். அதிலும் பெரும் பகுதியைச் சம்பளமாக எழுதாமல் கையெழுத்து ஊக்கத்தொகையாக எழுதிவிட்டார்கள். விலக்கினால் சம்பளம்தான் மூன்றில் இரண்டாகக் குறையும், ஊக்கத்தொகை குறையாது. வெளியே போகும் கதவைத் தாங்களே பூட்டித் திறப்பையும் எறிந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் தொடங்குமுன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில், சண்டையில் சகாவுக்கு உதவ ஆசனத்திலிருந்து பாய்ந்ததற்காக கிளார்க்சனுக்கு 10 ஆட்டத் தடை. அந்தப் பருவம் 60 ஆட்டம், 5 கோல். டொரொண்டோவில் அவர் ஆடியது மொத்தம் 118 ஆட்டம், 15 கோல்.

இதே ஜூலையில் கொலம்பஸ் அணி நேதன் ஹோர்ட்டன் என்பவரை 7 வருடத்துக்கு 37.1 மில்லியனுக்கு எடுத்தது. 2011இல் பொஸ்டன் கிண்ணம் வென்ற பயணத்தில் முக்கியமான கோல்களை அடித்த வீரர். தோளில் காயத்தோடுதான் வந்தார். சத்திர சிகிச்சை முடிந்து 36 ஆட்டம் ஆடினார், 5 கோல் அடித்தார். பிறகு முதுகெலும்பு தேயும் நோயினால் அவர் மீண்டும் பனியில் இறங்கவே இல்லை. பெரிய ஒப்பந்தங்களை அணிகள் காப்புறுதி செய்வது வழக்கம். வீரர் நீண்ட காலம் படுத்துவிட்டால் சம்பளத்தில் பெரும் பங்கைக் காப்புறுதிக் கம்பனி தாங்கும். ஹோர்ட்டனின் ஒப்பந்தம் காப்புறுதி செய்யப்பட்டிருக்கவில்லை. கொலம்பஸ் சிறிய சந்தை. ஆடாத மனிதருக்கு வருடத்துக்கு ஐந்து மில்லியனுக்கு மேல் சொந்தப் பையிலிருந்து கொடுப்பது அவர்களுக்குப் பெரும் பாரம்.

2015 பெப்ரவரியில் இரண்டு அணிகளும் ஒரு மாற்று வியாபாரம் செய்தன. கிளார்க்சனை கொலம்பஸ் எடுத்தது, ஹோர்ட்டனை டொரொண்டோ எடுத்தது. ஆடவே முடியாத ஒருவரை ஏன் எடுத்தார்கள் என்று நான் கேட்டேன். அங்கேதான் விதியின் நுணுக்கம் இருக்கிறது. நீண்ட காலக் காயப் பட்டியலில் உள்ள வீரரின் சம்பள அளவுக்கு அணி உச்சவரம்பைத் தாண்டிச் செலவிடலாம் என்று அப்போது விதி இருந்தது. டொரொண்டோவிடம் பணம் இருந்தது, இடம்தான் இல்லை. கொலம்பஸிடம் இடம் இருந்தது, வீணாகக் கொடுக்கப் பணம் இல்லை. எப்படியும் கொடுக்கப் போகிற சம்பளத்துக்கு நடமாடும் ஒருவராவது கிடைக்கட்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டு பேருக்கும் உதவாத பண்டங்களை மாற்றி இருவரும் ஆறுதலடைந்த இந்த வியாபாரத்தை நான் மெச்சுகிறேன்.

ஆனால் கிளார்க்சன் கொலம்பஸுக்காக 26 ஆட்டம் ஆடினார், பிறகு அவருடைய முதுகும் போய்விட்டது. மறுபடியும் ஆடாத மனிதருக்குச் சம்பளம்!

2017இல் லாஸ் வேகாஸில் புதிய அணி தொடங்கியது. மற்ற அணிகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வீரரை அது எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கொலம்பஸ் அவர்களோடு பேசியது. கிளார்க்சனின் ஒப்பந்தத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எங்களில் இன்னாரைத் தொடாமல் வில்லியம் கார்ல்சனை எடுங்கள், கூலியாக ஒரு முதற்சுற்று உரிமையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையும் தருகிறோம். அழுகிய வெங்காயத்தைக் களஞ்சியத்திலிருந்து அகற்ற நாம் லொறிக் கூலி கொடுப்பதில்லையா? அதே கணக்கு. கார்ல்சன் முந்திய பருவத்தில் 6 கோல் அடித்தவர். வேகாஸில் முதல் பருவத்திலேயே 43 கோல் அடித்தார், அந்தப் புதிய அணி இறுதிப் போட்டி வரை போனது. லொறியில் ஏற்றிய மூட்டைகளுக்கு நடுவே நல்ல சரக்கும் போய்விட்டது.

கதை இன்னும் முடியவில்லை. 2019 ஜூலையில் வேகாஸ் கிளார்க்சனின் ஒப்பந்தத்தை யாருக்குக் கைமாற்றியது தெரியுமா? டொரொண்டோவுக்கு! ஆறு வருடம் முன் எழுதிய காகிதம் இரண்டு ஊர் சுற்றி எழுதியவன் வாசலுக்கே வந்து சேர்ந்தது. நமது சந்தையில் பின்பக்கம் கையெழுத்திட்டுக் கைமாறிப் போகும் செக் சில நேரம் எழுதியவனிடமே திரும்பி வருமே, அப்படி. இம்முறை டொரொண்டோ விரும்பித்தான் எடுத்தது, அதே காயப் பட்டியல் நுணுக்கத்துக்காக. நான் ஸ்காபரோவில் இருந்த அந்தக் குளிர்காலத்தில் கிளார்க்சன், ஹோர்ட்டன் இருவரது பெயரும் டொரொண்டோவின் ஏட்டில் இருந்தன. ஒருவருக்குப் பதிலாக மற்றவரைக் கொடுத்தவர்கள், கடைசியில் இருவரையும் வைத்திருந்தார்கள். 10.55 மில்லியன் டொலர், இருவரும் பனியில் கால் வைக்கவில்லை. 2020இல்தான் இரண்டு ஒப்பந்தமும் காலாவதியாகின.

இதில் அந்த இரு வீரர்களையும் குறை சொல்லக் கூடாது. உடம்பு போனது அவர்கள் குற்றமல்ல, எழுதிக் கொடுத்ததைத்தான் வாங்கினார்கள். வீரர் பக்கமும் ஒப்பந்தத்தை உதறுவதுண்டு. கோவல்சுக்குக்கு 2010இல் நியூ ஜேர்சி 17 வருடத்துக்கு 102 மில்லியன் எழுதியது. இது வரம்பை ஏமாற்றும் வேலை என்று நடுவர் தள்ளுபடி செய்தார். திருத்தி 15 வருடத்துக்கு 100 மில்லியன் எழுதினார்கள். மூன்று பருவம் ஆடிவிட்டு 2013இல் ஓய்வு அறிவித்து ரஷ்யாவுக்குப் போய் அங்கே விளையாடினார் அவர். அதே வருடம் வந்த புதிய உடன்பாட்டில், சொந்த அணி ஆகக் கூடியது 8 வருடம், பிற அணி 7 வருடம் என்று எல்லை போட்டார்கள். 2025இல் செய்த உடன்பாட்டில் அதனையும் ஒவ்வொரு வருடம் குறைத்திருக்கிறார்கள். எஜமான்கள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ளச் சட்டம் கேட்கும் வேடிக்கையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

கிளார்க்சனைப் பற்றி அந்தப் பிள்ளைகள் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம், நானும் ஒரு கிளார்க்சனை எடுத்தவன். பல வருடங்களுக்கு முன், இன்னொரு துணிக்கடையில் நோன்புப் பெருநாள் பருவத்தில் அபாரமாக விற்ற ஒரு விற்பனையாளரை, கூடுதல் சம்பளமும் முன்பணமும் கொடுத்து மூன்று வருடத்துக்கு எழுதி எடுத்தேன். திறமையான மனிதர்தான், நாணயமானவர். ஆனால் என் கடையில் விற்பனை அசையவில்லை. பிறகுதான் விசாரித்தேன். அந்தப் பெருநாளுக்கு அவருடைய பழைய கடைக்குப் பக்கத்துக் கடை திருத்த வேலைக்காக மூடியிருந்ததாம். இரண்டு கடைக் கூட்டமும் ஒரே வாசலால் போயிருக்கிறது. நான் விலை கொடுத்தது அந்த மூடிய கதவுக்கு. முப்பது கோலில் எத்தனை அவருடையது, எத்தனை பக்கத்தில் நின்றவர்களுடையது என்று டொரொண்டோவும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சென்ற மாதம் ஒரு வாலிபர் என்னைத் தேடி வந்தார். சாப்பாட்டுக் கடை ஒன்று நன்றாக ஓடுகிறது, இரண்டாவது கிளைக்குப் பிரதான வீதியில் ஒரு கட்டிடம் பார்த்திருக்கிறார். ஏழு வருடக் குத்தகை, இரண்டு வருட வாடகை முற்பணம், இடையில் விட்டால் முற்பணம் திரும்பாது. "வாடகை கூடவா மாமா?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. ஸ்காபரோ கீழ் அறையில் கேட்ட அதே கேள்வி! அவருடைய முதல் கடை எத்தனை காலமாக நன்றாக ஓடுகிறது என்று கேட்டேன். பதினான்கு மாதம் என்றார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு கதவு திறந்திருந்தும் ஆள் வராத மாதங்களில், 2020 ஊரடங்கில், 2022இல் எரிவாயு வரிசையில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நின்ற நாட்களில் உங்கள் ஊர்க் கடைக்காரர்களின் வாடகையை யார் கட்டினார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய வாப்பாவும் ஒரு சில்லறைக் கடை வைத்திருந்து அந்த நாட்களில்தான் மூடினாராம்.

கிளார்க்சனின் கதையை அவருக்கும் சொன்னேன். பிறகு இருவருமாக அந்தக் காகிதத்தை வரி வரியாக வாசித்தோம். ஏழு வருடத்தை மூன்றாக்கி, விரும்பினால் மேலும் நான்கு வருடம் நீட்டும் உரிமையைக் குத்தகைக்காரருக்கு எழுதச் சொன்னேன். அரசாங்க உத்தரவினால் கடை மூடினால் அந்த நாட்களுக்குப் பாதி வாடகை என்றும், அறுபது நாள் முன்னறிவித்தல் கொடுத்து விலகினால் தங்காத மாதங்களின் முற்பணம் திரும்ப வேண்டும் என்றும் பென்சிலால் ஓரத்தில் குறித்துக் கொடுத்தேன். இதற்காக மாத வாடகையை ஐயாயிரம் கூட்டிக் கேட்டாலும் சம்மதியுங்கள் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது, ஆனாலும் கொண்டு போனார்.

கட்டிடக்காரர் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கிழமை அவகாசம் கேட்டிருக்கிறாராம்.